பழைய புத்தகத்த இசை புத்தகமா மாத்துறது எப்படி

பழைய புத்தகத்தோட தாள்கள வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு இசை தீம்ல ஒரு கலைப்பொருளா மாத்தப் போறோம். புத்தகத்த கிழிக்கப் போறேன்னு சொன்னாலே வீட்டுல பெரியவங்க சரஸ்வதி பேர இழுப்பாங்க, அதனால இனிமே யாருமே படிக்கப் போறதில்லாத ஒண்ணா எடுங்க. பழைய கம்ப்யூட்டர் மேனுவல், காலாவதியான கலைக்களஞ்சியம், புது எடிஷன் வந்ததும் மூலையில கெடக்குற டெக்ஸ்ட்புக், இந்த மாதிரி. சிங்கப்பூர்ல பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல இருக்குற செகண்ட்ஹேண்ட் புக் கடைங்கள்ல தேடினா கிடைக்கும், பெயின்ட் பசை சாமான வாங்க ஆர்ட் ஃபிரெண்ட் கடையும் அங்கயே இருக்கு, ஒரே நடையில வேலை முடிஞ்சிரும். (லைப்ரரி புக்குல கை வைக்காதீங்க, ஃபைனுக்கு நான் பொறுப்பில்ல.)

ஹார்ட்கவர்தான் வேணும். காசு குடுக்குறதுக்கு முன்னாடி புத்தகத்த மூடி மேல் ஓரத்துல முதுகு பக்கமா பாருங்க, தாளெல்லாம் கொத்துக் கொத்தா மடிச்சு நூல் போட்டு தச்சிருந்தா வாங்கலாம், வெறும் பசையில நிக்குற கட்டுன்னா நாலு தாள் கிழிச்சதுமே மிச்சம் எல்லாம் கையோட வந்துரும். பளபளன்னு இருக்குற தாளும் வேணாம், அதுல பசை சரியா பிடிக்காது.

அடுத்து கிழிக்கிற வேலை. ரெண்டு தாள விட்டு ஒரு தாள எடுத்துக்கிட்டே போங்க, ஏன்னா ஒட்ட ஒட்ட புத்தகம் தடிச்சு கடைசியில மூடவே முடியாம வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். முதுகோட சேத்து பிடுங்காதீங்க, ஒரு சென்டிமீட்டர் விட்டு ஸ்டீல் ரூலர் வச்சு வெட்டுங்க, இல்லன்னா தையல்ல அந்தத் தாளோட ஜோடியா இருக்குற இன்னொரு தாளும் ஆட்டம் கண்டுரும். மிஞ்சின தாள்கள மூணு மூணா க்ளூ ஸ்டிக் போட்டு ஒண்ணா ஒட்டிட்டா அட்டை மாதிரி நல்லா வெயிட் தாங்கும். இந்த எடத்துல தண்ணியா இருக்குற பசை வேணாம், தாள் நெளிஞ்சிரும். அதுக்கு மேல ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற வெள்ளை பூச்சு) மெல்லிசா ஒரு கோட், அடியில அச்செழுத்து லேசா தெரிஞ்சா இன்னும் அழகு, முழுசா மறைக்கணும்னு அவசியமில்ல.

யூட்யூப் வீடியோல பத்து நிமிஷத்துல காஞ்சிரும்னு சொல்வாங்க, அத நம்பாதீங்க, அவங்க ஊர் காத்து வேற நம்ம ஊர் காத்து வேற. இங்க ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல, அக்ரிலிக் பெயின்ட் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், மூடி வச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிச்சா பெயின்ட் உரிஞ்சு வரும். ஃபேனுக்கு அடியில புத்தகத்த விரிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, ஏர்கான்ல டிரை மோட் இருந்தா அதையும் போடுங்க, அப்புறமும் பக்கத்துக்கு நடுவுல கேக் சுடும்போது தட்டுல விரிக்கிற பேக்கிங் பேப்பர் வச்சுத்தான் மூடணும்.

இப்ப இசைக்கு வருவோம். இசை தீம்னதும் எல்லாரும் ட்ரெபிள் கிளெஃப் (மேற்கத்திய இசைக் குறி) ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது, நீங்க எதக் கேட்டு வளந்தீங்களோ அத வைங்க. ஒரு ஐடியா சொல்றேன், கர்நாடக சங்கீதத்து ஆதி தாளத்தையே லேஅவுட்டா போடுங்க. எட்டு அட்சரம் (அதாவது எண்ணிக்கை), லகுங்கிற முதல் பகுதிக்கு 4, த்ருதம்ங்கிற அடுத்த ரெண்டு பகுதிக்கு 2, 2. விரிச்ச புத்தகத்துல இடது பக்கம் நாலு கட்டம், வலது பக்கம் ரெண்டு ரெண்டா நாலு கட்டம், லகு முடியுற எடத்துல புத்தகத்தோட நடு மடிப்பு கரெக்டா வந்து உக்காரும்! ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு துண்டு பேப்பர், தட்டு விழுற கட்டத்துக்கு மட்டும் அழுத்தமான கலர், அதாவது 1, 5, 7.

துண்டு பேப்பருக்கு சரளி வரிசை (பாட்டு கிளாஸ்ல முதல்ல கத்துக்கிற ஸ்வரப் பயிற்சி) எழுதின பழைய நோட்ட ஜெராக்ஸ் எடுங்க, ஒரிஜினல வெட்டாதீங்க. இங்க்ஜெட் பிரின்ட்ல பசை பட்டா மை கலைஞ்சு ஓடிரும், லேசர் பிரின்ட்னா பயமில்ல. பழசு மாதிரி தெரியணும்னா ஆறின கோப்பி ஓவ (பால் இல்லாத காப்பி) பிரஷ்ஷால தடவுங்க, சீனி போடாத கோப்பி ஓ கொசோங்கா வாங்கணும், இல்லன்னா எறும்பு வரும். கேசட் உறை, ஒலி 96.8 வானொலி பேர போட்ட நோட்டீஸ், எஸ்பிளனேட் அரங்கத்துல கலா உற்சவம்ங்கிற இந்தியக் கலை விழாவுக்குக் கிடைக்கிற ஃபிளையர் எல்லாமே ஆகும். கேசட்டுக்குள்ள இருக்குற டேப் சாதாரண பசையில வழுக்கும், டபுள் சைட் டேப் போட்டு ஒட்டுங்க.

படத்த பக்கத்துல இறக்கணும்னா ஜெல் மீடியம் (கெட்டியான அக்ரிலிக் பசை) தடவி லேசர் பிரின்ட்ட குப்புற ஒட்டி மறுநாள் வரைக்கும் விட்டுட்டு, தண்ணி தொட்டு விரலால மெதுவா தேய்ச்சா தாள் உரிஞ்சு மை மட்டும் நிக்கும். படம் தலைகீழா இல்ல, இட வலமா திரும்பி வரும், எழுத்து இருந்தா பிரின்ட் பண்றதுக்கு முன்னாடியே ஃபோன்ல ஃபிளிப் பண்ணிருங்க.

புத்தகத்தோட பின்பக்கத் தாள்கள்ல ஒரு குழி வெட்டினா அதுல அறுந்த வீணைத் தந்தி, கிட்டார் பிக் எல்லாம் வைக்கலாம். புது பிளேடு, ஒரு தடவைக்கு நாலஞ்சு தாள் மட்டும், வெட்டினதும் உள் ஓரத்துல பிவிஏ பசை (வெள்ளைப் பசை) பூசி மேல வெயிட் வச்சிருங்க.

முடிச்சப்புறம் ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீங்க, நம்ம ஊர் வெக்கையில அது இளகி அட்டையோட ஒட்டிக்கும். ரிப்பன் கட்டி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி போட்ட டப்பாக்குள்ள வைங்க.