இன்ஜின் விளக்கு எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்ததும் பலர் நேரே சிங்கப்பூரின் கார்ப் பட்டறைப் பகுதிகளான காக்கி புக்கிட்டுக்கோ சின் மிங்குக்கோ காரை ஓட்டிப் போய், கோடில் (code, காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறு எண்) வரும் சென்சாரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. கோடு காட்டுவது ஒரு சர்க்யூட்டைத்தான். அதில் சென்சார், வயர், கனெக்டர், எர்த் (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) எல்லாமே அடக்கம்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சோதனையெல்லாம் அப்புறம். இன்ஜினில் சரியாக எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்; ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹைப்ரிட் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

தேவையானவை கோடைப் படிக்கும் ஓர் ஓபிடி ஸ்கேனர், வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். மீட்டர் சிம் லிம் டவரில் கிடைக்கும். ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, வரும் கோடைப் படம் எடுத்து வையுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள், கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் எப்படி இருந்தது என்ற விவரமும் சேர்ந்தே அழிந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏர்கானையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. சம்பந்தமில்லாத பல கோடுகள் ஒன்றாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இப்போது சென்சார். பி0118 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். பெரும்பாலும் எங்கோ இணைப்பு அறுந்திருக்கும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில், அதாவது சென்சார்கள் அந்த நொடியில் தரும் அளவுகளில், மைனஸ் 40 டிகிரி தெரியும். சிங்கப்பூர் வெயிலில் மைனஸ் 40! பல கார்களில் ரேடியேட்டர் விசிறியும் நிற்காமல் ஓடும். சிக்கனமான காரும் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

இன்ஜின் ஆறியதும் சாவி சுவிட்சை அணைத்து, அந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் இரண்டே வயர்கள்தான் என்றால், வயர் பக்கத்து இரண்டு பின்களையும் சின்னக் கம்பியால் இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சுவிட்சை மட்டும் போடுங்கள். மைனஸ் 40 சட்டென்று 100 டிகிரியைத் தாண்டி ஏறினால் வயர் நன்றாக இருக்கிறது. கோளாறு சென்சாரிலோ கனெக்டர் பின்னிலோதான். எண் அசையவில்லை என்றால் சென்சாருக்குக் காசு செலவழிக்காதீர்கள், வயரைத் தேடுங்கள். மூன்றோ அதற்கு மேலோ வயர் உள்ள சென்சாரில் இந்தச் சோதனை வேண்டாம்.

கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பின்னில் பச்சைப் பொடி படிந்திருக்கும், அல்லது ஒரு பின் உள்ளே தள்ளிப்போயிருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். பழையபடி மாட்டியபின் லைவ் டேட்டாவைப் பார்த்துக்கொண்டே வயரை மெல்ல அசையுங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் முறிவு. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தும் கார் என்றால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

முறிந்த வயரை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். இன்ஜின் சூட்டில் பசை இளகிவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, சைலன்சர் குழாயை உரசாமல் கட்டுங்கள். அதன் பிறகு கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்.