குழாயடியில் இருந்து தொடங்குங்கள்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். "கருவாடு" என்று கூப்பிட்டே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பள்ளிக்கு வராமல் செய்துவிட்டார்கள். தினமும் அவன் வகுப்புக்குப் போன எனக்கு அது தெரியவே இல்லை.

அதனால், கேலியை நிறுத்த நினைக்கும் ஆசிரியர்களே, முதலில் அது நடக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பள்ளியின் வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பெயர் எழுதாமல், பயமாக இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்குக் குழாயடியிலும் கழிப்பறைச் சுவர் ஓரத்திலும் புள்ளிகள் குவிந்தன. இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியர் நிற்கட்டும். ஆசிரியர் கூட்டத்துக்குச் சத்துணவு அக்காவையும் கூப்பிடுங்கள். யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கேலி செய்தவனையும் பட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். வெளியே போனதும் அது இன்னும் கூடும். தனித்தனியாகப் பேசுங்கள். அப்புறம், சுற்றி நின்று சிரித்தவர்களோடும் பேசுங்கள். அந்தச் சிரிப்புதான் கேலிக்குத் தீனி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீடுகளில் கை இறுகும். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளைகளும் இங்கே உண்டு. எரிந்து விழும் பிள்ளையைத் திட்டும் முன், "காலையில சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

சாக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள், தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த எண்களைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் படிக்க முடியும்.