ஐந்து சென்ட் விளையில் ஒரு சமன்பாடு

பரப்பளவு, கன அளவு சூத்திரங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கணக்கில் எழுதியிருக்கும் வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. நம்ம குமரி மாவட்டத்தில் நிலம் என்றால் சென்ட் கணக்குதான், அதை வைத்தே பழகுவோம்.

ஒரு செவ்வக விளை (தோட்ட நிலம்) 5 சென்ட். நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. நீளம், அகலம் என்ன?

முதலில் அலகை மாற்றுங்கள். 1 சென்ட் 435.6 சதுர அடி. அப்போ 5 சென்ட் 2178 சதுர அடி. அடுத்து, தெரியாத இரண்டில் சிறியதற்குப் பெயர் வையுங்கள். பெரியதற்கு வைத்தால் பின்னம் வந்து தொல்லை கொடுக்கும். அகலம் 'அ' என்றால் நீளம் 2அ. (பள்ளியில் எழுதும் எக்ஸ்தான் இந்த அ.)

அ × 2அ = 2178
அ² = 1089
அ = 33

அகலம் 33 அடி, நீளம் 66 அடி.

இதே விளையில் சுற்றிலும் ஒரே அகலத்தில் நடைபாதை விட்டு, நடுவில் 1620 சதுர அடியில் ஏத்தன் வாழை வைக்கிறார்கள். பாதையின் அகலம் என்ன?

இதற்குப் படம் கட்டாயம் போடுங்கள். பெரிய செவ்வகம், அதற்குள் சின்னது. பாதையின் அகலம் 'ப'. நிறையப் பேர் 33 − ப என்று எழுதிவிடுவார்கள். படத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: இடப்பக்கம் ஒரு ப, வலப்பக்கம் ஒரு ப. ஆகவே 33 − 2ப. நீளத்திலும் அப்படியே.

(33 − 2ப)(66 − 2ப) = 1620
4ப² − 198ப + 2178 = 1620
2ப² − 99ப + 279 = 0
(2ப − 93)(ப − 3) = 0

ப = 46.5 அல்லது 3. இரண்டும் சமன்பாட்டுக்குச் சரிதான். ஆனால் 33 அடி அகல விளையில் 46.5 அடிப் பாதை எங்கே போடுவது? அதை விட்டுவிடுங்கள், பாதை 3 அடி. சரிபார்க்கும்போது சமன்பாட்டுக்குப் போகாதீர்கள், கேள்விக்கே திரும்பிப் போங்கள்: நடுவில் மிஞ்சுவது 27 × 60, அதாவது 1620. சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கன அளவிலும் வழி இதுதான். வாழைக்கு நீர் பாய்ச்ச 6000 லிட்டர் தொட்டி, அடிப்பாகம் சதுரம், உயரம் 1.5 மீட்டர் என்று வைப்போம். 1000 லிட்டர் ஒரு கன மீட்டர். இங்கே அடிப்பக்கம் 'அ' மீட்டர் என்றால் 1.5அ² = 6, அ² = 4, அடிப்பக்கம் 2 மீட்டர்.

அப்புறம் ஒரு கணக்கு உங்களுக்கு: 10 சென்ட் சதுர விளையைச் சுற்றி ஒரு வரி கம்பி கட்ட எத்தனை அடி வேண்டும்? விடை 264 அடி. எப்படி என்று நோட்டில் போட்டுப் பாருங்கள்.