நீர்க்கடுப்பா, தொற்றா? சோதனைக்கு வரும் முன்

வேலூரில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். சித்திரை வந்தால் போதும், “சூடுதாங்க, இளநீர் குடிச்சும் அடங்கல” என்று ஆண்கள் வருவார்கள். எரிச்சலோடு சீழும் வடிந்தால் வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் கொனோரியா, கிளமிடியா கிருமிகளின் வேலை அது.

மருந்துக்கடை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் கிருமி சிக்காமல் போகலாம். வருவதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீரை அடக்குங்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு, உறுப்பைக் கழுவாமல், முதலில் வருவதையே 20 மில்லி பிடியுங்கள். நடுவில் வருவது சிறுநீர்ப்பைத் தொற்றுக்காகக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு. பலர் பழக்கதோஷத்தில் அதையே நீட்டுவார்கள். சீழ் இருந்தால் டாக்டர் பஞ்சுக்குச்சியால் அதைத் தொட்டு (ஸ்வாப்) மாதிரி எடுப்பார்.

இதே போல உடலுறவில் தொற்றும் எச்ஐவி, சிபிலிஸ் நோய்களுக்கான ரத்தப் பரிசோதனையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள். அப்புறம், துணைக்கும் சோதனை வேண்டும். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.