கடலுக்குள் இறங்கும் சூரியன்: நகரத்தை வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரினாவை வரைந்த டிஜிட்டல் ஓவியங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. கலங்கரை விளக்கம், சுண்டல் வண்டி, பட்டம் விடும் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் கடலுக்குள் ஆரஞ்சு நிறச் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். வானம் ஊதாவும் ரோஜாவுமாகக் குழைந்திருக்கும். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாத படங்களும் இதில் உண்டு. ஆனால் சென்னைக்குக் கடல் கிழக்கில் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மணலில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், திருவல்லிக்கேணிப் பக்கம் இறங்கும். நம் நிழல் அலையை நோக்கி நீளும். எதிரே கிழக்கு வானம் சாம்பல் கலந்த நீலமாக மங்கத் தொடங்கியிருக்கும்.

இப்படி வரைகிறவர்களில் பலர் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் திசை தெரியும். பார்த்துப் பார்த்துக் கை பழகிய படங்கள்தான் வேறு ஊர்களுடையவை. தெருவைப் பார்ப்பதற்கு முன்பே பாணியை முடிவுசெய்துவிடுகிறோம். மற்ற தவறுகளும் பெரும்பாலும் இந்த வேரிலிருந்தே முளைக்கின்றன.

நகரத்தை வரைய ஆரம்பித்தவர்கள் என்னிடம் படங்களைக் காட்டி, "எல்லாம் சரியாத்தான் வருது, ஆனா என்னோடதுன்னு சொல்ல முடியலையே, ஏன்?" என்று கேட்பதுண்டு. அந்தப் படங்களில் கண்டதையும், நானே பல வருடம் செய்து பிறகு திருத்திக்கொண்டதையும் இங்கே சென்னையை வைத்துச் சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் அது. உங்கள் ஊர் மதுரையோ யாழ்ப்பாணமோ என்றால் அந்தத் தெருக்களில் வைத்துப் பாருங்கள்.

இரவல் வெளிச்சம்

பலரும் தங்கள் பேலட்டை, அதாவது படத்துக்கான வண்ணத் தொகுப்பை, இணையத்தில் பிடித்துப்போன ஒரு படத்திலிருந்து எடுக்கிறார்கள். அது லண்டன் தெருவாக இருக்கும், அல்லது டோக்கியோ சந்தாக இருக்கும். வண்ணங்களோடு அந்த ஊரின் சூரியனும் சேர்ந்து வந்துவிடுவதைக் கவனிப்பதில்லை. லண்டன் 51 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். பகல் முழுக்கப் பக்கவாட்டு வெளிச்சமும் நீண்ட நிழலும்தான். சென்னை இருப்பது 13 டிகிரியில். அதே டிசம்பர் நண்பகலில் இங்கே சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அந்த நாட்களில் நண்பகல் நிழல் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும்.

இந்த ஒரு வித்தியாசம் படத்தின் அமைப்பையே மாற்றிவிடும். உச்சி வெயிலில் சென்னைத் தெருவின் மிக வெளிச்சமான இடங்கள் எல்லாம் வானத்தை நோக்கிய பரப்புகள்: மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர், ஆட்டோவின் கூரை, தார்ப்பாய், குடை. மிக இருண்ட இடங்கள் கடைகளின் உட்பக்கம். சன்ஷேடு ஒவ்வொன்றும் சுவரில் தடித்த கறுப்புப் பட்டையைத் தொங்கவிடும். மனிதர்கள் அந்த நிழல்களுக்குள் ஒதுங்கி நிற்பார்கள், நடுச்சாலை காலியாக வெளுத்துக் கிடக்கும். இதை அப்படியே வடிவமாக எடுத்துக்கொண்டாலே உங்கள் படம் வேறு யாருடையதைப் போலவும் இருக்காது. ஆனால் நாம் அந்த நேரத்தை விட்டுவிட்டு அந்தி நேரத்தையே வரைகிறோம். சூரியன் மறைந்த பிறகு அந்த நீல வெளிச்சம் இங்கே இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நிற்கிறது. லண்டன் கோடையில் அது முக்கால் மணி நேரம் நீடிக்கும். அங்கே அந்தியை வரைகிறவர் தினமும் நெடுநேரம் பார்ப்பதை வரைகிறார்.

நிழலுக்கென ஒரு சாம்பல் நிறத்தை எடுத்து, அடியில் உள்ள வண்ணத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் படம் முழுக்க இழுத்துவிடுவதும் இதைச் சேர்ந்ததுதான். 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை வெள்ளை. 1892-ல் கட்டிமுடித்த உயர் நீதிமன்றம் செங்கல் சிவப்பு. இரண்டின் மேலும் ஒரே சாம்பலைப் போட்டால் இரண்டும் உயிரற்றுப்போகும். வெள்ளைச் சுவரின் நிழல் மேலே வானத்தின் நீலத்தையும், கீழே வெயில் பட்ட தரையின் மஞ்சளையும் வாங்கிக்கொள்ளும். செங்கல்லின் நிழல் கருஞ்சிவப்பாக ஆழும். நம்ப முடியாவிட்டால் உங்கள் வீட்டு எதிர்ச்சுவரையே ஒரு நாளில் காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்து, இரவு எட்டு என நான்கு முறை தீப்பெட்டி அளவில் வரைந்து பாருங்கள். ஃபோட்டோவிலிருந்து வண்ணத்தை உறிஞ்சியெடுக்கும் ஐட்ராப்பரைத் தொடாமல், கண்ணால் பார்த்து வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நான்கு சிறு கட்டங்கள் கற்றுத்தருவதை எந்தப் பேலட் தொகுப்பும் தராது.

பிரபலமான கட்டடத்தின் தயவு

சென்ட்ரல், நேப்பியர் பாலம், கபாலீஸ்வரர் கோபுரம், 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம். புதிதாக வரைகிறவரின் முதல் வருடத்தில் இவை நான்கும் வந்துவிடும். வரையக் கூடாது என்று சொல்லவில்லை. பார்த்ததுமே "அட, சென்ட்ரல்!" என்று எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வதால் நம் கோட்டுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. மணிக்கூண்டு இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, படம் தேறிவிடுகிறது. வண்ணாரப்பேட்டையில் பெயர் தெரியாத ஒரு மாடிப்படியை வரைந்து, அது சென்னைதான் என்று பார்ப்பவரை உணரவைப்பது கடினம். படியின் அடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், கைப்பிடிக் கம்பியில் காயும் லுங்கி, நீலச் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் தெரியும் பழைய பச்சை என நீங்கள் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். எதைப் பிடிக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதில்தான் பாணி உருவாக ஆரம்பிக்கிறது.

செல்போன் எடுத்த படத்தை நம்புவது

ஃபோட்டோவை ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அதன் மேல் லேயர் போட்டு அப்படியே கோடிழுப்பது வேறு விஷயம். செல்போனின் பிரதான கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான அகலக் கோணத்தில் பார்க்கிறது. அருகில் உள்ளதைப் பெருக்கி, தூரத்தில் உள்ளதைச் சுருக்கிவிடும். மயிலாப்பூர் மாட வீதி முனையில் நின்றால் நம் கண்ணை நிறைக்கும் கோபுரம் ஃபோட்டோவில் விரல் நகம் அளவுக்குப் போய்விடும். சவுகார்பேட்டைச் சந்து, தோள் இடிக்கும் சந்து, தாராளமான சாலையாக விரிந்துவிடும். கேமராவை மேலே சாய்த்தால் கட்டடங்கள் பின்பக்கம் சரியும். நாம் அந்தச் சரிவையும் சேர்த்து உண்மையாகப் பிரதி எடுக்கிறோம். நின்று பார்த்தபோது கோபுரம் எவ்வளவு பெரிதாகத் தோன்றியதோ அவ்வளவு பெரிதாக வரையுங்கள். பெர்ஸ்பெக்டிவ் கொஞ்சம் பிசகினால் பிசகட்டும்.

இடத்தைச் சுற்றி நடக்காமல் ஃபோட்டோவை மட்டும் பார்த்தால் இன்னொரு குழப்பமும் வரும். மயிலாப்பூரில் குளம் கோவிலுக்கு மேற்கே இருக்கிறது, உயரமான ராஜகோபுரமோ கிழக்கு வாசலில் இருக்கிறது. குளக்கரையிலிருந்து பார்த்தால் முன்னே மேற்குக் கோபுரமும், அதற்குப் பின்னே தள்ளி ராஜகோபுரமும் தெரியும். ராஜகோபுரம் படித்துறையிலிருந்தே எழுவது போலப் பல படங்களில் பார்த்திருக்கிறேன். தெரிந்தே மாற்றினால் அது ஓவியரின் உரிமை. தெரியாமல் மாறியிருந்தால், அங்கே பழகியவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஆனந்த விகடனுக்காகக் கோவில் கோவிலாகப் போய், சிலைகளுக்கு முன்னே நேரில் உட்கார்ந்து வரைந்தார் சில்பி. அந்தக் கோடுகளில் தெரியும் உறுதிக்கு அந்த உட்காரலும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 52-ஆம் பிரிவு, கட்டடங்களை வரைந்து வெளியிடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் இன்னொருவர் எடுத்த ஃபோட்டோவை அச்சு அசலாக வரைந்து விற்பது வேறு கதை. அந்தக் கோணமும் வெளிச்சமும் அவருடைய உழைப்பு. அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே போய் எடுங்கள்.

தெருவைக் கழுவித் துடைப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. வயர்களை அழித்துவிடுவார்கள், போஸ்டரைக் கிழித்துவிடுவார்கள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தெரு எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். வயர் என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த கோடு. வானத்தை எங்கே வெட்ட வேண்டும், பார்ப்பவரின் கண்ணை எங்கே இழுத்துப்போக வேண்டும் என்று அதை வைத்தே தீர்மானிக்கலாம். எல்லா வயரையும் வரைய வேண்டும் என்பதில்லை. ஐந்தில் இரண்டை வைத்துக்கொண்டாலும் போதும், அந்த இரண்டு எவை என்று முடிவுசெய்தது நீங்களாக இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகைகளை வரையும் விதம் இதைவிட மோசம். கட்டடத்தைச் செங்கல் செங்கலாக வரைந்தவர், கடைப் பலகையில் தமிழ் மாதிரித் தோன்றும் நான்கு சுழிகளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். தமிழ் படிக்கத் தெரிந்தவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம் அந்தப் பலகை. அங்கே அர்த்தமில்லாத கிறுக்கல் இருந்தால், இந்தப் படம் தனக்காக வரையப்படவில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். சிலர் கணினி எழுத்துருவை அப்படியே ஒட்டுகிறார்கள். அது தூரிகைக் கோடுகளுக்கு நடுவே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் எழுத்தும் இடம் மாறிக் குதறிப்போகும், அதைக் கவனிக்காமல் வெளியிட்டவர்களும் உண்டு. கையால் எழுதுங்கள். பழைய டீக்கடைப் பலகைகளில் பெயிண்டர்கள் 'ழ'வின் வாலை எப்படி இழுக்கிறார்கள், நிழலை எந்தப் பக்கம் தடிப்பாக்குகிறார்கள் என்று கொஞ்ச நாள் பார்த்து எழுதிப் பழகினால், அந்த எழுத்து நடையே உங்கள் படங்களின் கையெழுத்தாக ஆகிவிடும்.

பிரஷ் வாங்கிக் குவிப்பது

இதற்கு நிறையச் சொல்லத் தேவையில்லை. ப்ரோகிரியேட்டோ, காசில்லாமல் கிடைக்கும் கிரிட்டாவோ, ஏதாவது ஒரு வரைகலைச் செயலியை எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு இரண்டே பிரஷ், ஆறே வண்ணம் என்று கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். மதுரையில் பிறந்து, சென்னைக் கட்டடங்களையும் மதுரையையும் பேனா மையால் வரைந்த மனோகர் தேவதாஸுக்கு விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தது. அந்த நிலையிலும் நுண்ணிய கோடுகளாலேயே கல்லையும் இலையையும் தண்ணீரையும் வேறுபடுத்திக் காட்டினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-ல் மறைந்தார். அவருடைய படங்களை அருகில் வைத்துப் பார்த்தால், கருவி குறைவாக இருப்பது ஒரு குறையே இல்லை என்பது புரியும்.

திரையில் மட்டும் மின்னும் நியான் வண்ணங்களை நம்பிப் பாணியைக் கட்டுவதும் ஆபத்து. அச்சு மை அந்தப் பிரகாசத்தைத் தராது. முதல் பிரிண்ட் எடுக்கும்போதே தெரிந்துவிடும். A3 அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டுமென்றால் கேன்வாஸ் 3508 × 4961 பிக்சல் இருக்க வேண்டும், இதை வரைய ஆரம்பிக்கும்போதே அமைத்துவிடுங்கள்.

ஒருவரையே பிரதி எடுப்பது

பிரதி எடுத்துப் பழகுவது நல்ல பயிற்சிதான். வான்கோ 1887-ல் பாரீஸில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சோவியங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒன்று பிளம் தோட்டம், மற்றது மழையில் நனையும் பாலம். இரண்டுமே ஹிரோஷிகே தான் பிறந்து வாழ்ந்த எடோ நகரை, இன்றைய டோக்கியோவை, 1856 முதல் 1858 வரை வரைந்த வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையில் அடிக்கடி ஒரு பெரிய பொருள் மிக அருகில் வந்து பாதி வெட்டுப்பட்டு நிற்கும், ஊர் அதன் இடுக்கில் தெரியும். இன்று அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் அவற்றின் நீலத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிற்கும் இடம். பேருந்து ஜன்னல் கம்பிக்கு நடுவே, இளநீர்க் குலைக்குப் பின்னால், முன்னே போகும் ஸ்கூட்டரில் அமர்ந்திருப்பவரின் மல்லிகைச் சரத்துக்கு மேலே என நம் ஊரை அப்படிப் பார்க்க எத்தனையோ இடுக்குகள் இருக்கின்றன. ஒருவரிடம் கற்றால் நகல் ஆகிவிடுவோம். நான்கைந்து பேரிடம், அதிலும் இரண்டு பேர் வேறு காலத்தவராக இருந்தால், அந்தக் கலவையை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

பாணிக்கு அவசரமாகப் பெயர் வைப்பது

ஒரு படத்துக்கு இன்ஸ்டாகிராமில் நல்ல வரவேற்பு கிடைத்ததும் அடுத்த முப்பது படங்களையும் அதே அச்சில் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்கே சலித்துவிடுகிறது. வரும்போதே வாசலைச் சாத்திவிட்டால் அடுத்தது எப்படி உள்ளே வரும்?

என்னிடம் படம் காட்ட வந்த ஒரு பெண் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிவதை மட்டும் வரைந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போய்வந்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரம்தான் அவருக்கு. "பாணி எப்ப வரும்?" என்று கேட்டபோது, இதுவரை வரைந்தவற்றைச் சிறிய அளவில் பிரிண்ட் எடுத்துத் தரையில் பரப்பச் சொன்னேன். நாற்பத்திரண்டு படங்கள். இருவரும் சுற்றி நடந்து பார்த்தோம். பெரும்பாலானவற்றில் அடிவானம் தாளின் மேல் ஓரத்தை ஒட்டி இருந்தது, வானத்துக்கு விரல் அகலமே இடம். வயர்களை எல்லாம் கறுப்பில் வரையாமல் வெள்ளையில் விட்டிருந்தார். ஒரு படத்தில்கூட மனிதர்கள் இல்லை, ஆனால் எல்லாப் படத்திலும் கொடியில் துணி காய்ந்தது. எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றார். குனிந்து ஒரு படத்தை எடுத்து, கொடியில் தொங்கிய பள்ளிச் சீருடையைக் காட்டி, "இது எதிர் வீட்டுப் பையனோடது, இப்போ அவன் காலேஜ் போறான்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவர் அந்த வீட்டுக் கொடியை மட்டும் தனி வரிசையாக வரைய ஆரம்பித்தார்.