எக்கோ சவுண்டர் பூட்டினதும் படகுக்குள் தண்ணி அடிக்கிறதா? சரிசெய்யும் முறை

பைபர் படகின் பின்பலகையில் ஆழம் காட்டுகிற கருவியான எக்கோ சவுண்டரின் ட்ரான்ஸ்டியூசரை (தண்ணிக்குள் ஒலி அனுப்பித் திரும்ப வாங்குகிற பகுதி) பூட்டிய பிறகு, எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினதுமே அந்தப் பக்கத்தால் தண்ணி பீச்சிக்கொண்டு எழும்பி எஞ்சின் மூடியிலும், மண்ணெண்ணெய்க் கானிலும், எஞ்சின் பிடிக்கிறவரின் முதுகிலும் அடிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். உப்புத்தண்ணி என்பதால் இதைச் சும்மா விடக்கூடாது. பற்றரி முனைகளும் வயர்ப் பொருத்துகளும் கெதியாகப் பச்சை பிடித்துப் போகும். பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது, பூட்டின உயரம்தான் பிழை.

ஏன் அடிக்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். படகு வேகம் எடுத்ததும் அடியால் வருகிற தண்ணி பின்பலகையின் கீழ் விளிம்பில் விடுபட்டு நேராகப் பின்னுக்குப் போகும். அந்த விளிம்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற எதன் முகத்திலும் அது மோதும், மோதினால் போக வேறு வழியில்லாமல் மேலே ஏறும். ஓடுகிற படகில் இருந்து கையைத் தண்ணிக்குள் விட்டால் முழங்கை வரைக்கும் ஏறுமே, அதே கதைதான். ஆகவே ட்ரான்ஸ்டியூசர் எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறதோ அவ்வளவு தண்ணி மேலே வரும்.

அப்படியென்றால் நல்லா மேலே தூக்கிவிட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. கருவி அனுப்புகிற ஒலி கடல்தண்ணிக்குள் செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் வேகத்தில் போய்த் திரும்பும், ஆனால் நடுவில் காற்றுக்குமிழி வந்தால் அங்கேயே சிதறிவிடும். ட்ரான்ஸ்டியூசரின் அடிமுகம் குமிழி இல்லாத தண்ணியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், திட்டுகள் உள்ள இடத்தில் வேகமாக ஓடும்போது திரையில் ஆழம் காட்டாமல் போனால் கருவி பூட்டினதற்கே அர்த்தமில்லை. தண்ணி குறைய வேண்டும், ஆழமும் தெரிய வேண்டும், இரண்டும் சந்திக்கிற உயரத்தைப் பிடிப்பதுதான் முழு வேலையும்.

முதலில் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை, ஒருவர் எஞ்சினைப் பிடிக்க மற்றவர் நன்றாகப் பிடித்து இருந்துகொண்டு தண்ணி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துகிற கயிறு எஞ்சின்காரரின் கையில் மாட்டியிருக்கட்டும். தண்ணி ட்ரான்ஸ்டியூசரின் முன்முகத்தில் இருந்து வருகிறதா, அதற்கும் பின்பலகைக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் வருகிறதா, தொங்குகிற வயரில் பட்டுத் தெறிக்கிறதா என்று பாருங்கள். குடாக்கடல் பக்கம் ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ட்ரான்ஸ்டியூசரைத் தாங்குகிற பிறக்கட்டில் சாதாளை என்கிற கடற்புல் சிக்கியிருந்தால் எவ்வளவு சரியாகப் பூட்டியிருந்தாலும் தண்ணி அடிக்கும். அதை எடுத்துவிட்டு ஒருக்கா ஓடிப் பார்த்துவிட்டே மிச்ச வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது அளவு. படகைக் கரையில் ஏற்றி, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் படகின் அடியோடு ஒட்டிப் பிடித்துப் பின்பக்கமாக நீட்டுங்கள். ட்ரான்ஸ்டியூசர் அந்தச் சட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பைபர் படகுக்கு 3 மில்லிமீற்றர் அளவு இறங்கினால் போதும், அலுமினியப் படகென்றால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். உங்கள் கருவியோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தொங்குகிறது என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இப்போது உயர்த்துவோம். பிறக்கட்டில் மேலும் கீழும் நகர்த்த நீட்டுத் துளைகள் இருக்கும், அதனால் ஸ்குரூவைத் தளர்த்தினாலே போதும், புதிதாகத் துளைக்கத் தேவையில்லை. இப்போது இருக்கிற உயரத்தைப் பின்பலகையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு 3 மில்லிமீற்றர் மட்டும் தூக்கி இறுக்கி, ஓடிப் பாருங்கள். பிறகு இன்னொரு 3. ஒரேயடியாகத் தூக்கினால் எந்த இடத்தில் சரிவந்தது என்று தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள், அதே பாரம், அதே வேகம் இருக்க வேண்டும், ஏனென்றால் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ஒருவர் கூடுதலாக இருந்தாலே பின்பக்கம் நிற்கிற உயரம் மாறிவிடும். சோளகக் காற்று எழும்ப முன்னம், விடிய வெள்ளனத் தண்ணி அமைதியாக இருக்கிற நேரம் நல்லது. திரையில் ஆழம் விட்டுவிட்டுக் காட்டத் தொடங்கினால் ஒரு படி கீழே இறக்கி அங்கேயே நிறுத்துங்கள்.

சரிவையும் கவனியுங்கள். பின்நுனி முன்நுனியை விட மிகக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். அதிகம் தாழ்ந்தால் அடிமுகம் முழுக்கத் தண்ணியைத் தள்ளும், முன்நுனி தாழ்ந்தால் அடியில் குமிழி சேரும்.

உயரமும் சரிவும் சரியாக இருந்தும் அடிக்கிறது என்றால் இடம்தான் பிழை. படகின் அடியில் நீளவாட்டில் ஓடுகிற வரம்புகளுக்கு நேர் பின்னால் பூட்டக்கூடாது, அங்கே வருகிற தண்ணி ஏற்கனவே கலங்கியது. புரொப்பெல்லரில் இருந்து குறைந்தது 38 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கட்டும். பின்னால் நின்று பார்க்கும்போது புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கம் பூட்டுவது நல்லது.

இடம் மாற்றினால் பழைய துளைகளை அப்படியே விடாதீர்கள். பல படகுகளின் பின்பலகைக்குள் பிளைவூட் இருக்கிறது, தண்ணி உள்ளே போனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உக்கிவிடும், பிறகு எஞ்சினைத் தாங்குகிற பலகையே ஆடும். காயவிட்டு எபொக்சியால் நிரப்புங்கள். புதுத் துளை போடும்போது டேப் ஒட்டி, ட்ரில்லை முதலில் பின்பக்கமாகச் சுற்றவிட்டு மேல்பூச்சைக் கடந்த பிறகு முன்பக்கமாகத் துளைத்தால் பூச்சு வெடிக்காது. ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். துளைக்குள்ளும் ஸ்குரூவிலும் கடல்வேலைக்கான சீலன்ற் தாராளமாகப் பூசுங்கள்.

எழும்புகிற தண்ணியை மறிக்கத் தகடு வைப்பது கடைசி வேலை. முதல் நாளே தகடு பூட்டச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, காரணத்தை விட்டுவிட்டு அடையாளத்தை மறைக்கிற வேலை அது. மேலே சொன்ன எல்லாம் செய்தும் மிச்சத் தண்ணி வருகிறது என்றால் மட்டும், தடித்த பிளாஸ்டிக் வெட்டுப்பலகையில் இருந்து ட்ரான்ஸ்டியூசரை விட இரு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக ஒரு துண்டு வெட்டி, அதற்கு மேலே, ஓடும்போது தண்ணிமட்டத்தைத் தொடாத உயரத்தில், பின்நுனி கொஞ்சம் கீழ்நோக்க இருக்கும்படி பூட்டுங்கள். எழும்புகிற தண்ணி அதில் பட்டுத் திரும்பக் கடலுக்கே போகும்.

தகடு வைத்த பிறகு ட்ரான்ஸ்டியூசரைக் கையால் மேலே மடக்கிப் பாருங்கள், தகட்டில் முட்டாமல் முழுக்க மடங்க வேண்டும். எங்கள் கரைகளில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறோம், மடக்காமல் இழுத்தால் அன்றைக்கே பிறக்கட் உடையும். வயரையும் கிளிப் போட்டுப் பின்பலகையோடு ஒட்டிக் கட்டுங்கள், ஆனால் மடங்குகிற இடத்தில் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.