'எஜுகேஷன்' சொல்லின் வேர்: மேடைக்கு மேடை தொடரும் தவறுகள்

ஆசிரியர் தினம் வந்தால் போதும். "எஜுகேஷன் என்றாலே உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது, லத்தீனில் அப்படித்தான் பொருள்" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். கேட்க இனிக்கும், இலக்கணம் இடம் கொடுக்காது.

குறிலை நெடிலாக்குவது

லத்தீனில் இரண்டு வினைகள். 'ஏடுகாரே' என்றால் வளர்த்தல், பேணுதல். 'ஏடூகெரே' என்றால் வெளியே இட்டுச்செல்லுதல். தன்மை ஒருமையில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு: educo. லத்தீன் அகராதியில் தேடுவதும் அந்த வடிவில்தான். டு-வா டூ-வா என்று காட்டுவது உயிரெழுத்தின் தலைக்கு மேல் போடும் சின்னக் கோடு மட்டும். அதைக் கவனிக்காதவர் பக்கத்துப் பதிவின் பொருளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்.

சரிபார்ப்பது எளிது. அகராதி ஒவ்வொரு வினைக்கும் நான்கு வடிவங்கள் தரும். நான்காவதை எடுங்கள்: ஏடுகாத்தும், ஏடுக்தும். இறுதி 'உம்' போக 'இயோ' சேருங்கள்: ஏடுகாத்தியோ, ஏடுக்தியோ. எஜுகேஷனில் நடுவே நிற்கும் 'கே' முதல் சொல்லின் 'கா'தான். இரண்டாவதில் அதற்கு இடமே இல்லை. அந்த இரண்டாவது ஆங்கிலத்தில் 'இடக்‌ஷன்' ஆயிற்று. ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினில் நீராவி வெளியேறும் குழாய்க்கு அந்தப் பெயர்!

ரோமானிய அறிஞர் வாரோ (கி.மு. 116–27) இந்த வேறுபாட்டை ஒரே வரியில் பிரித்து வைத்தார்: மருத்துவச்சி வெளியே எடுக்கிறாள், செவிலி வளர்க்கிறாள், பைடகோகுஸ் பழக்குகிறான், ஆசிரியன் கற்பிக்கிறான். முதல் வினை ஏடூகெரே, இரண்டாவது ஏடுகாரே. மேடைப் பேச்சாளர் ஆசிரியருக்குச் சூட்டுவது பிரசவம் பார்ப்பவளின் வேலையை.

சம்பந்தமே இல்லை என்பது

இதுவும் தவறு. இரண்டும் 'டூகெரே' (இட்டுச்செல்லுதல்) குடும்பத்துப் பங்காளிகள். பழைய லத்தீன் கவிஞர்கள் ஏடூகெரேயைப் பிள்ளை வளர்ப்புக்கும் ஆண்டிருக்கிறார்கள். ஆனாலும் எஜுகேஷன் பிறந்த வீடு ஏடுகாரேதான்.

பெடகாகியைக் காலில் கட்டுவது

பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் லத்தீன் 'கால்' வழி வந்தவை. கற்பிக்கும் கலையைக் குறிக்கும் பெடகாகியில் இருப்பது கிரேக்கத்தில் பிள்ளையைக் குறிக்கும் சொல். வாரோ சொன்ன பைடகோகுஸும் வாத்தியார் அல்ல. பையனைப் பள்ளிக்கு அழைத்துப்போய்க் கண்காணித்த அடிமை.

மீன் 'ஸ்கூல்'

மீன் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்பார்கள். அது டச்சுச் சொல். பள்ளிக்கூடத்தோடு சேர்க்காதீர்கள்.

டாக்டர் என்றால் வைத்தியர்

வாரோவின் நான்காவது வினை 'டோகேரே', கற்பித்தல். டாக்டர் அதிலிருந்து வந்தவர். ஸ்டெதஸ்கோப் வெகு பிந்தியது.